திருநெல்வேலிச் சந்தையும் ஆஸ்பத்திரி வீதிக் கடைத்தொகுதியும்

யாழ்ப்பாணத்திற்கு ஒரு நாள் பயணமாக வருபவர்களிடம் நான் முதலில் போகச் சொல்லும் இடம் திருநெல்வேலிச் சந்தைதான். நல்லூர்க் கோயிலும் கோட்டையும் எந்த நேரம் போனாலும் அங்கேயே இருக்கும். சந்தையோ காலை ஒன்பது மணிக்குப் பிறகு வேறொரு சந்தையாகிவிடும். பலாலி வீதியில், பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் அது இருக்கின்றது. சமூகவியல் படித்த காலத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த நாங்கள் நால்வர், முறை வைத்து அங்கே மரக்கறி வாங்கப் போவோம். விரிவுரைகளில் கற்றதைவிட அந்த முறைநாட்களில் கற்றது அதிகம் என்று சொன்னால் என் ஆசிரியர்கள் கோபிக்கக்கூடும்.

கடந்த மாசி மாதம் மீண்டும் அங்கே போக வாய்த்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் நாம் வேலை செய்யும் கிராமங்களிலிருந்து 11 பெண்கள் உடன் வந்தார்கள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, தேசிக்காய் ஊறுகாய், பயற்றம் பணியாரம் ஆகியவற்றைச் செய்து விற்கும் குழு அது. அநேகர் குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்துபவர்கள். தமது பொருட்களை ஊருக்கு வெளியே எங்கே விற்கலாம் என்று நேரில் பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம். காலையில் திருநெல்வேலிச் சந்தை, மத்தியானத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி வீதியிலுள்ள கார்கில்ஸ் கட்டடத்தொகுதி என்று திட்டமிட்டிருந்தோம். விற்பதற்கு இடம் பார்க்க வந்தவர்கள் போகிற இடமெல்லாம் வாங்கவும் தொடங்கிவிட்டார்கள். அதனால் அன்று முழுவதும் வானுக்குள் ஒரே வாக்குவாதம். எங்கே வாங்குவது நல்லது? சந்தையிலா, குளிரூட்டிய கடையிலா? நான் எதிர்பாராத காரணங்கள் பல வந்தன. அவற்றை எமது வாசகியருடன் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றேன்.

வான் சந்தையடியில் நின்றபோது மணி ஆறரை. மாசி என்பதால் உள்ளூர்க் கரட்டும் பீற்றூட்டும் கோவாவும் குவிந்திருந்தன. செம்மண் கழுவப்படாத மரவள்ளிக்கிழங்கு ஒரு பக்கம். நீர்வேலி வாழைக்குலைகள் இன்னொரு பக்கம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மோட்டார் சைக்கிளின் பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கி, ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரத்துக்குள் விற்று முடித்துப் போய்விடுகிறார்கள். பலாப்பழத்துக்கும் மாம்பழத்துக்கும் காலம் இன்னும் வரவில்லை. வந்தாலும் அதற்குத் தென்மராட்சியில் கொடிகாமம் சந்தைக்குத்தான் போகவேண்டும் என்பார்கள். மலைநாட்டு லீக்ஸும் உருளைக்கிழங்கும் தம்புள்ளையிலிருந்து இரவோடிரவாக லொறியில் வருகின்றன. 1999 இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பின்னர் நாட்டின் மரக்கறி விலை பெரும்பாலும் அங்கேதான் பேசப்படுகின்றது. நள்ளிரவில் அங்கே பேசிய விலை விடியும்போது இங்கே வியாபாரிகளின் கைத்தொலைபேசிக்கு வந்துவிடும். மூலையில் குந்தியிருந்து கீரை விற்கும் அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும்.

"பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கவனியுங்கள்" என்று நான் குழுவினரிடம் சொல்லியிருந்தேன். அதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. மொத்த வியாபாரம், தராசு, லொறி, காசுப்பெட்டி எல்லாம் பெரும்பாலும் ஆண்களிடம். பெண்கள் ஓரத்தில், சாக்கு விரித்து, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அவர்களின் முன்னால் முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, வீட்டு வளவில் காய்த்த பத்துப் பதினைந்து தேசிக்காய், ஒரு கடகத்தில் புழுக்கொடியல். வல்லாரை விற்ற ஓர் அம்மாவிடம் எமது குழு போய் நின்றது.

"எங்கையிருந்து வாறியள் பிள்ளையள்?"

"முல்லைத்தீவு அம்மா."

"அவ்வளவு தூரத்திலயிருந்து மரக்கறி வாங்கவோ?"

"இல்லையம்மா, இஞ்ச கொண்டுவந்து விக்க ஏலுமோ எண்டு பாக்க."

அம்மா தன் சாக்கின் ஓரத்தைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டார். இடமில்லை என்றும் சொல்லவில்லை, இருங்கோ என்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "விடிய நாலு மணிக்கு வரோணும். வந்தால்தான் இந்த இடம். பிந்தினால் வெயிலுக்கைதான்" என்றார். நாங்கள் இரண்டு பிடி வல்லாரை வாங்கியதும் மூன்றாவது பிடி ஒன்றையும் எடுத்து வைத்து, "இதுக்குக் காசில்லை" என்றார். குழுவில் இளையவளான ஒருத்தி, "இதை ஃபூட் சிற்றியில தருவினமோ?" என்று என் காதுக்குள் கேட்டாள். அன்றைய வாக்குவாதம் அந்த இடத்தில்தான் தொடங்கியது.

மூன்றாவது பிடி நல்லதுதான். ஆனால் சந்தையைப் பற்றி எழுதும் பலர் அந்த மூன்றாவது பிடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது எனக்குள்ள குறை. வடக்கின் சந்தைகள் சிலவற்றில் தோட்டக்காரர் கொண்டுவரும் மரக்கறியில் 100 கிலோவுக்கு 10 கிலோவைக் 'கழிவு' என்று சொல்லி வியாபாரிகள் கழித்துக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக இருந்து வந்துள்ளது. நிறுத்தச் சொல்லி உத்தரவுகள் வந்தும், அது பேச்சாகவே திரும்பத் திரும்ப வருகின்றது. தோட்டம் செய்யும் பெண் தனியாக மூட்டையோடு போனால் அந்தக் கழிவைப் பற்றி வாய் திறக்கமாட்டாள். அடுத்த நாளும் அதே ஆளிடம்தானே போகவேண்டும். தராசு விடயமும் அப்படித்தான். வியாபாரத்துக்குப் பாவிக்கும் ஒவ்வொரு தராசும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தால் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு முத்திரை இடப்படவேண்டும். அந்த முத்திரை எங்கே குத்தப்பட்டிருக்கும் என்று பார்க்கக் குழுவினருக்குக் காட்டினேன். விலை, நிறை, பற்றுச்சீட்டு தொடர்பான முறைப்பாடுகளுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கம் உள்ளது. இதைச் சொன்னதும் ஒரு அக்கா கேட்டார்: "போன் அடிச்சுப்போட்டு நாளைக்கு அந்த ஆளிட்டையே கடனுக்குப் போய் நிக்கிறது எப்பிடித் தங்கச்சி?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் இக்கேள்வியை மானிடவியலாளர் ஒருவர் ஏற்கனவே வேறு வார்த்தைகளில் எழுதியிருக்கிறார். கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்பவர் மொறொக்கோ நாட்டின் செஃப்ரூ என்ற சிறிய நகரத்தின் சந்தையில் ஆய்வு செய்து 1978 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சந்தையில் எல்லாவற்றையும்விட அருமையான பொருள் தகவல்தான் என்பது அவரது கருத்து. எது நல்ல பொருள், எது நியாய விலை, எவர் நம்பத்தக்கவர் என்று தெரியாமல்தான் எவரும் சந்தைக்குள் நுழைகிறார்கள். ஆகவே மனிதர்கள் ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பப் போய் வாடிக்கையாகிவிடுகிறார்கள். பேரம் பேசுவதும் பெரும்பாலும் அந்த வாடிக்கைக்குள்தான் நடக்கிறது. செஃப்ரூவை நான் கண்டதில்லை. சுன்னாகத்தையும் திருநெல்வேலியையும் கண்டிருக்கிறேன். வாடிக்கை என்பது எங்கள் பெண்களுக்குத் தகவல் மட்டுமல்ல, அது வங்கியும்கூட. செத்தவீட்டுக்கு, பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்துக்கு, திடீரென்று வந்த காய்ச்சலுக்கு, கொப்பியில் எழுதிக்கொண்டு சாமான் தருகிறவர் வாடிக்கைக் கடைக்காரர்தான். அந்தக் கொப்பியில் பெயர் இருக்கும்வரை தராசைப் பற்றிப் பேச வாய் வராது.

குழுவில் மூத்தவரான அக்காவுக்குச் சந்தை வேறு வகையில் முக்கியம். கிளிநொச்சியில் அவரும் கணவரும் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தவர்கள். 2008 இன் பிற்பகுதியில் ஊர் எழும்பியபோது கடையும் எழும்பியது. "தருமபுரத்தில தறப்பாளுக்குக் கீழ விரிச்சம். பேந்து விசுவமடு. பேந்து புதுக்குடியிருப்பு. சனம் போற இடமெல்லாம் சந்தையும் வந்தது. கடைசியில எங்களிட்டை இருந்தது கொஞ்சப் பருப்பும் தீப்பெட்டியும்தான். அதையும் விரிச்சுக்கொண்டுதான் இருந்தனான்" என்றார். கணவரைப் பற்றி அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பின்னர் மனிக் பாமில் நிவாரணமாகக் கிடைத்த பருப்பில் ஒரு பங்கை விற்றுப் பிள்ளைகளுக்குக் கீரையும் மீனும் வாங்கியதையும் சொன்னார். அங்கும் கூடாரங்களுக்கு இடையில் பெண்கள் சந்தை வைத்துவிட்டார்கள். எமது வாசகியரில் பலருக்கு இது தெரிந்த கதைதான்.

அதற்கு முந்திய தலைமுறைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1990 களின் முதற் பாதியில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றறி எல்லாம் அருமையாகிவிட்டன. பனம்பழத்தின் களியால் துணி தோய்த்த நினைவு எங்கள் அம்மாமாருக்கு உண்டு. கிளாலிக் கடலைக் கடந்து உயிரைப் பணயம் வைத்துச் சாமான் கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது மீண்டும் சங்கக்கடை வாசலில் வரிசை. அந்தக் காலங்களில் எல்லாம் கடைகளின் தட்டுகள் வெறுமையாகின. முருங்கையிலையும் மரவள்ளிக்கிழங்கும் சந்தைக்கு வராமல் விட்டதில்லை. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் சந்தையை ஏன் விடமாட்டீர்கள் என்று கேட்டால் "பழக்கம்" என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கின்றது என்றே நான் நினைக்கின்றேன்.

மத்தியானம் நகரத்துக்குள் போனோம். நகரத்தில் 'நவீன சந்தை' என்ற பெயரில் ஒரு கட்டடத்தொகுதி பல வருடங்களாக இருப்பதைக் கண்டு, "இது சந்தையோ கடைத்தொகுதியோ?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. பெயரிலேயே இரண்டும் இருக்கின்றன. புடைவைக் கடைகளும் புழுக்கொடியல், பனங்கட்டி, பனங்கிழங்கு விற்கும் கடைகளும் அந்தச் சுற்றாடலில் அடுத்தடுத்து இருக்கின்றன. புலம்பெயர் நாடுகளிலிருந்து வருபவர்கள் பொதி கட்டிக்கொண்டு போவதும் இங்கிருந்துதான். எமது ஒடியல் மாவுக்கு இந்த இடம் சரிப்படும் என்று குறித்துக்கொண்டோம்.

ஆஸ்பத்திரி வீதியிலுள்ள கார்கில்ஸ் கட்டடத்தொகுதி 2013 இல் திறக்கப்பட்டது. கீழே ஃபூட் சிற்றி, மேலே புடைவைக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், படமாளிகை. நிறுவனம் 1844 இல், ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியது. அதன் ஃபூட் சிற்றி சுப்பர் மார்க்கட் 1983 இல் கொழும்பில் ஆரம்பமானது. அதே ஆண்டின் ஆடி மாதத்தில்தான் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழரின் கடைகள் எரிந்தன. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு எதுவுமில்லை. ஆண்டைக் கேட்டவுடன் எங்களில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கடைத்திறப்பு விழா அல்ல என்பதற்காகச் சொல்கின்றேன்.

நகரும் படிக்கட்டின் அடியில் எங்கள் ஊர்வலம் நின்றுவிட்டது. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சிரிப்பும் பயமுமாக ஏறினார்கள். இளம் பிள்ளைகள் சிலர் பார்த்துச் சிரித்தார்கள். அதில் கேலி இருக்கவில்லை, அவர்களின் அம்மாமாரும் இப்படித்தான் ஏறியிருப்பார்கள்.

குழுவில் ஒரு சகோதரி 2009 இல் இடது காலை இழந்தவர். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் பொருத்திய செயற்கைக் காலோடு நடக்கிறார். காலையில் சந்தையில் அவர் வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே ஈரம், கோவா இலை, வாழைத்தண்டு, இடித்துக்கொண்டு போகும் மூட்டைக்காரர்கள். விழுந்தால் எழும்புவது கஷ்டம் என்று சொல்லித் தன் காசைத் தந்து எங்களைக் கொண்டு வாங்குவித்தார். இங்கே மின்தூக்கி இருந்தது, தரை சமமாக இருந்தது. ஆனால் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது தள்ளுவண்டிதான். "இதைப் பிடிச்சுக்கொண்டு எவ்வளவு நேரமெண்டாலும் நடக்கலாம். ஆரும் என்ர காலைப் பாக்கேல்லை, வண்டிக்குள்ள என்ன கிடக்கெண்டுதான் பாக்கினம்" என்றார். ஒரு சவர்க்காரமும் ஒரு பிஸ்கட் பைக்கற்றும் மட்டும் கிடந்த வண்டியை அரை மணி நேரம் தள்ளிக்கொண்டு திரிந்தார். ஊரில் தன் தேவைக்கான சாமானைத் தானே தெரிவு செய்து வாங்குவது அவருக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

இன்னொரு சகோதரிக்கு 35 வயது. பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர். கைக்குழந்தையாக இருந்த மகன் இப்போது உயர்தரம் படிக்கிறான். ஒரு புடைவைக் கடையின் முன்னால் சிவப்புச் சேலை ஒன்றை நெடுநேரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அருகில் போனதும், "அக்கா, இஞ்ச என்னை ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட சந்தையில நான் ஒரு சாந்துப்பொட்டை விலை கேட்டாலே அண்டைக்குப் பின்னேரம் மாமி வீட்டில கதை போயிடும். ஆருக்குப் பொட்டு, ஆரோட போனவள், என்னத்துக்குச் சிரிச்சவள் எண்டு. இஞ்ச கண்ணாடிக்கு முன்னால நிக்கலாம்" என்றார். சேலையின் விலை அவருக்கு எட்டாது. ஒரு சிறிய சிவப்பு நகப்பூச்சு வாங்கினார்.

எனக்கு அன்று முழுவதும் நினைவில் நின்றது இந்தப் பேச்சுத்தான். காலையில் நாங்கள் பெருமையாகப் பேசிய அதே விடயம், அதாவது சந்தையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பது, இவருக்குக் கழுத்துச் சுருக்கு. கடன் தருவதும் தெரிந்த முகத்துக்குத்தான், வம்பு பேசுவதும் தெரிந்த முகத்தைப் பற்றித்தான். மரபுவழிச் சந்தைகள் அழிகின்றன, எமது பண்பாடு போய்விட்டது என்று மேடைகளில் கவலைப்படும் பெரியவர்கள் இந்தச் சகோதரியின் பக்கத்திலிருந்து ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம்.

ஆனால் தெரியாத முகம் என்றால் எல்லா இடத்திலும் சுதந்திரம் என்றும் இல்லை. குழுவில் மற்றொருவர் தம் ஊருக்கு அருகிலுள்ள நகரத்தில் ஒரு சுப்பர் மார்க்கட்டுக்குப் போனபோது, உள்ளே நின்ற காவலாளி ஒவ்வொரு தட்டுக்கும் பின்னாலேயே வந்தாராம். தேய்ந்த செருப்பும் உரப்பையில் தைத்த பையும்தான் காரணம் என்று அவர் நினைக்கிறார். அதன் பிறகு அந்தக் கடைக்குப் போவதில்லை. வாசிக்கத் தெரியாத ஒருவருக்குப் பொதிகளில் சிங்களமும் ஆங்கிலமும் பெரிதாகவும் தமிழ் மிகச் சிறிதாகவும் இருப்பதும் தடைதான். சந்தையில் வாயைத் திறந்து கேட்டால் போதும். இங்கே யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் பலர் வெளியே வந்துவிடுகிறார்கள்.

விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். காலையில் வாங்கியவற்றின் விலையை ஒருத்தி கையில் எழுதி வைத்திருந்தாள். அன்றைய நிலையில் மரக்கறி, கீரை, வெங்காயம் சந்தையில் மலிவு. சீனி, பருப்பு, சவர்க்காரம் போன்றவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை, விலைக்கழிவு போட்டிருந்த சில சாமான்கள் சுப்பர் மார்க்கட்டில் குறைவாகவும் இருந்தன. ஆகவே மாதச் சம்பளம் எடுப்பவர் மாதத் தொடக்கத்தில் ஒருமுறை அங்கே போய்ச் சாமான் எடுத்தால் இலாபம்தான். நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அந்த இலாபம் இல்லை. அவருடைய காசு பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் கைக்கு வருகிறது. அப்போது 250 கிராம் அரிசியும் இரண்டு கரண்டி தேங்காயெண்ணெயும் அளந்து தரும் கடைதான் அவருக்குக் கடை. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவு மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்குக்கு வருகிறது. அது வரும் வாரத்தில் மட்டும் பெரிய கடையில் எங்கள் ஊர்ப் பெண்களைக் காணலாம். விருப்பம் என்று நாம் சொல்வது பல வேளைகளில் காசு வரும் நாள்தான்.

2022 இல் இதை எல்லாரும் அனுபவித்தோம். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. ஒரு வருடத்துக்குள் உணவு விலை ஏறத்தாழ இரட்டிப்பாகியது என்பதுதான் அதன் பொருள். டீசல் இல்லாமல் லொறிகள் நின்றபோது உள்ளூர்த் தோட்டக்காரர் சைக்கிளில் கொண்டுவந்த மரக்கறி சந்தைக்கு வந்தது. அதற்கு முன்னர் 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது நிலைமை மறுவளம். சந்தைகள் மூடப்பட்டு, சில இடங்களில் மைதானங்களுக்கு மாற்றப்பட்டன. பெரிய கடைகள் தொலைபேசியில் கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தன. சாக்கு விரித்த அம்மாமாருக்கு அந்த மாதங்களில் வருமானமே இல்லை.

இனி, நாங்கள் வந்த வேலை. எமது ஊறுகாயையும் மிளகாய்த்தூளையும் பெரிய கடைகளுக்குக் கொடுப்பதென்றால் பொதுவாக என்னென்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன். வியாபாரப் பதிவு, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உள்ளடக்கம் யாவும் அச்சிட்ட சிட்டை, கோட்டுக்குறி, ஒரே அளவான போத்தல், ஒரே நிறம், ஒரே சுவை, தவறாத விநியோகம். பொருளைக் கொடுத்து வாரங்கள் கழித்துத்தான் பணம். விற்காதது திரும்பி வரும். கேட்டுக்கொண்டிருந்த மூத்த அக்கா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "கடன் குறூப்புக்காரன் கிழமைக்குக் கிழமை வாறான். அவங்கள் காசு தர ரெண்டு மாசம் போனால் எட்டுக் கிழமைக் கட்டுக்காசை ஆர் கட்டுறது?" தட்டில் அழகாக அடுக்கியிருந்த ஊறுகாய்ப் போத்தல்களைப் பார்த்துக்கொண்டுதான் இதைக் கேட்டார். ஆசை இல்லாமல் இல்லை.

காசாளர் மேசைகளில் நின்ற பிள்ளைகளையும் அவர்கள் கவனித்தார்கள். பெரும்பாலும் இருபது வயது மதிக்கத்தக்க பெண் பிள்ளைகள். நிற்கிற வேலை, ஆனால் மாதச் சம்பளம். சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும் கட்டவேண்டும். நாலு மணிக்கு வந்து இடம் பிடிக்கும் வல்லாரை அம்மாவுக்குச் சேமலாப நிதி என்றால் அது சீலைத் தலைப்பின் முடிச்சுத்தான். "என்ர மகளை இஞ்ச வேலைக்கு விடுவன். நான் சந்தையிலதான் இருப்பன்" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் மறுக்கவில்லை.

ஐந்தரைக்குப் புறப்பட்டோம். கைதடிப் பாலத்தைத் தாண்டும்போது நகப்பூச்சுப் போத்தல் திறக்கப்பட்டது. வாங்கியவர் தன் விரல்களுக்குப் பூசிய பின்னர் பக்கத்து ஆசனத்தவரும் விரலை நீட்டினார். அப்படியே வான் முழுவதும் போய்வந்தது. மூத்த அக்கா சின்னவிரலுக்கு மட்டும் போதும் என்றார். போத்தல் முடிந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஒருவர், "எல்லாம் சரி, கார்கில்ஸில எனக்கு நல்லாப் பிடிச்சது கக்கூஸ்தான்" என்றார். சிரித்தோம். ஆனால் அதன் பிறகு கிளிநொச்சி வரை பேசியது அதைப் பற்றித்தான். நான் வேலை செய்யும் பகுதியிலுள்ள ஒரு சந்தையில் பெண்களுக்கான கழிப்பிடம் கட்டி, பூட்டி, திறப்பு ஒருவரிடம் கொடுக்கப்பட்டுள்ளது. அவர் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் வருவார். விற்க வரும் பெண்கள் நாலரைக்கு வருகிறார்கள். அதனால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். சலக்கடுப்பு, சலத்தில் கிருமி என்று கிளினிக்குக்குப் போகும் வியாபாரப் பெண்களை நான் தொடர்ந்து காண்கின்றேன். மாதவிடாய் நாட்களில் சிலர் வியாபாரத்துக்கே வருவதில்லை. மாதத்தில் மூன்று நான்கு நாள் வருமானம் அப்படியே போகிறது. சந்தையைக் கைவிடக்கூடாது என்பதுதான் என் கட்சி. ஆனால் கைவிடாமல் இருக்கவேண்டியவர்கள் வாங்குபவர்கள் மட்டுமல்ல. நாளாந்தக் கட்டணத்துக்கு ரிக்கற் கிழிப்பவர் நாலரைக்கே வந்துவிடுகிறார் என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும்.

கவனிப்பின்மையின் விலை என்ன என்பதைக் கிளிநொச்சி கண்டிருக்கிறது. 2016 செப்டெம்பரில் அங்குள்ள பொதுச்சந்தையில் தீப்பிடித்துப் பல கடைகள் சாம்பலாகின. மாவட்டத்தில் அப்போது தீயணைப்புச் சேவை இருக்கவில்லை, வாகனம் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. போரில் ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து, கடன்பட்டுக் கடை போட்டவர்கள் இரண்டாவது முறையும் இழந்தார்கள்.

உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்த பின்னர் 2025 மே 6 வரை தேர்தல் நடக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு மேலாகச் சந்தையைப் பற்றிச் சொல்லத் தெரிவு செய்யப்பட்ட ஆள் எவரும் இருக்கவில்லை. இப்போது சபைகள் இருக்கின்றன. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீட்டின் பயனாகப் பெண் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். பங்குனியில் எமது குழு கூடி ஒரு கடிதம் எழுதியது. கேட்டவை நான்கு: கழிப்பிடம் காலை நாலு மணிக்குத் திறக்கப்படவேண்டும், பெண்கள் இருக்கும் ஓரத்துக்குக் கூரையும் ஒரு மின்விளக்கும் வேண்டும், வாசலிலிருந்து உள்ளே போக ஒரு சமமான சிமெந்துப் பாதை வேண்டும், பொதுத் தராசு ஒன்று வைக்கவேண்டும். மூன்றாவதைச் சேர்த்தவர் தள்ளுவண்டிச் சகோதரி. ஒவ்வொரு பிரதியிலும் 43 கையெழுத்துகள், அவற்றுள் ஆறு கைநாட்டு. இரண்டு பெண் உறுப்பினர்களிடமும் தவிசாளரிடமும் பிரதிகளை நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் திகதியிட்ட ஒப்பமும் வாங்கி வைத்திருக்கிறோம்.

இதற்கிடையில் மூத்த அக்காவும் இன்னொருவரும் சனிக்கிழமைகளில் கிளிநொச்சிச் சந்தைக்கு ஒடியல் மாவும் ஊறுகாயும் கொண்டுபோகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்காரர் மாதத்துக்கு ஐந்து கிலோ ஒடியல் மா, கைக்காசுக்கு எடுக்கச் சம்மதித்துள்ளார். சிட்டை அச்சடிக்கும் செலவை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். நகப்பூச்சுச் சகோதரி சிட்டையில் தமிழ் எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.